பதினொரு விநாடி சுத்தம்

ஸ்டெய்னவிக் நகராட்சி நீச்சல் குளத்தின் பெண்கள் குளியலறையில், இருபத்தாறு வருஷமாக டாக்னி பேசி வந்தது இரண்டே வாக்கியம். ஒன்று, "திரும்பிப் போங்க." இன்னொன்று, "சரி, உள்ள போகலாம்."

உடுத்தியதையெல்லாம் களைந்து, சோப்புப் போட்டு, தலையிலிருந்து பாதம்வரை தேய்த்துக் குளித்த பிறகுதான் குளத்தில் கால் வைக்கலாம் என்பது ஐஸ்லாந்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். எல்லாருக்கும் தெரிந்த சட்டத்தைத்தானே எல்லாரும் ஏமாற்றப் பார்ப்பார்கள்? அதனால் சுவரில் ஒரு மனித உருவத்தை வரைந்து, தேய்க்க வேண்டிய இடங்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ரப்பர் பூட்ஸோடு டாக்னி. படத்தை யாரும் பார்ப்பதில்லை. டாக்னியைப் பார்க்காமல் யாரும் போக முடியாது.

ஓட்டுக் கேட்க வந்த பெண் அமைச்சர் ஒருவர் முடியை மட்டும் நனைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார். திரும்பிப் போனார். பிஷப்பின் மனைவி திரும்பிப் போனார். டாக்னியின் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை திரும்பிப் போனாள். மூன்றாம் தடவையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் டாக்னி சுத்தம் என்றால் சுத்தம், இல்லையென்றால் இல்லை. அதை எதிர்த்துப் பேசியவர் ஊரில் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான், அவள் சொல்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கனத்த கம்பளிக் கோட்டும் தோல் பூட்ஸுமாக ஓர் அம்மாள் குளியலறையின் ஈரத்தரை ஆரம்பிக்கும் மஞ்சள் கோட்டில் வந்து நின்றார்.

"திரும்பிப் போங்க," என்றாள் டாக்னி.

"நான் தேசியப் பாட்டுத் தேர்வு வாரியத்தோட தலைவி. பேரு ஹெர்டீஸ்."

"சரி ஹெர்டீஸ். பூட்ஸைக் கழட்டிட்டுக் குளிச்சுட்டு வாங்க."

ஜனாதிபதியையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாடு அது. பதவியைக் காட்ட வேண்டுமென்றால் குரலை உயர்த்துவது ஒன்றுதான் வழி. ஹெர்டீஸ் உயர்த்தினார். "நான் குளிக்க வரல! பரம ரகசியமான ஒரு விஷயம் பேச வந்திருக்கேன்!"

"குளிக்காதவங்க மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. அங்க நின்னே பேசுங்க."

எட்டுக் குழாய்கள் ஒரே நேரத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தப் பரம ரகசியம், தொண்டை கிழிய, எட்டுப் பெண்களின் தலைக்கு மேல் கத்தப்பட்டது. நாலாவது வாக்கியத்தில் எட்டுக் குழாய்களும் நின்றுவிட்டன. காதில் சோப்பு நுரை போனால் விஷயம் விட்டுப்போகும் அல்லவா?

விஷயம் இதுதான். வருஷா வருஷம் மே மாதம் ஐரோப்பா முழுக்க ஆளுக்கொரு பாட்டை அனுப்பி நடத்துகிற போட்டி இருக்கிறதே, அதில் ஐஸ்லாந்து ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயிக்காததால்தான் அதன்மேல் பக்தி குறையாமல் இருக்கிறது. பாட்டோடு சேர்த்து, பாரபட்சமற்ற மதிப்புரை ஒன்றையும் வாரியம் வெளியிடும். போன வருஷ மதிப்புரையில், 'மனிதகுலம் இந்தக் குரலுக்காகத்தான் காது வளர்த்தது' என்று எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று பார்த்தால், பாடகியைப் பெற்ற தாய். அந்த நாட்டில் மகளின் பேருக்குப் பின்னால் அப்பன் பேர் வரும், தாயின் பேருக்குப் பின்னால் தாத்தா பேர் வரும், இரண்டும் ஒட்டாது. வாரியத்தில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டும் ஒருத்தருக்கும் பொறி தட்டவில்லை.

"அதனால," என்று கத்தினார் ஹெர்டீஸ், "பதினோராம் விதியை நானே என் கைப்பட எழுதினேன்! மதிப்புரை எழுதறவருக்கும் பாடறவருக்கும் எட்டுத் தலைமுறைக்கு எந்த உறவும் இருக்கக் கூடாது! கல்யாணத்தாலகூட இருக்கக் கூடாது! எழுதினதுல ஒரு எழுத்தை யாரும் மாத்தக் கூடாது! தொலைக்காட்சியில முழுசா வாசிக்கணும்! வம்சாவளிக் கணினியில போட்டுத் தேடினோம்! நாட்டுல மொத்தம் மூணு பேர்தான் தேறினாங்க!"

"மத்த ரெண்டு பேரு?" என்று நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அது ஆஸா. ஓய்வு பெற்ற தபால்காரி, டாக்னியின் சிநேகிதி.

"ஒருத்தருக்கு மூணு மாசம். இன்னும் தலையே நிக்கல. இன்னொருத்தர் சம்மதம்னு சொன்னார், மறுநாள் போய்ச் சேர்ந்துட்டார்."

டாக்னிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வம்சம் வடக்கே ஒரு மொட்டை முனையைச் சேர்ந்தது. கரை ஒதுங்கிய திமிங்கிலம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் அக்கம்பக்கத்தோடு பகையாகி, எட்டுத் தலைமுறையாக வெளியே பெண் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. கப்பல் உடைந்து நீந்தி வந்தவர்களைத்தான் மாப்பிள்ளை பிடித்தார்கள். அந்தக் கெட்ட கோபம் இப்படித் தேச சேவையில் போய் முடியும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"எனக்குப் பாட்டைப் பத்தி என்னங்க தெரியும்?"

"அதுதான் வேணும்! தெரிஞ்சவங்க எல்லாரும் சொந்தக்காரங்க! இது ரகசியம்! யாருக்கும் தெரியக் கூடாது!"

எட்டுப் பெண்களும் ஒரே குரலில், "சொல்ல மாட்டோம்!" என்றார்கள்.

ஏழரை மணிக்கெல்லாம் வெளியே வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்திருந்த ஊருக்கே சேதி எட்டிவிட்டது. எட்டு மணிக்கு மேயர் வந்தார். அதன் பிறகு டாக்னிக்கு வந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. முறுக்கிப் பொரித்த இனிப்புப் பண்டம், கறுப்பு ரொட்டி, புகையில் வாட்டிய ஆட்டுத் தொடை என்று வாசலில் குவிந்தது. இருபது வருஷமாகக் காதுக்குப் பின்னால் சோப்பைக் காட்டாதவர்கள் நாலு தடவை குளித்துவிட்டு, "பாருங்க டாக்னி, பாருங்க!" என்று காதை மடக்கிக் காட்டினார்கள். விசாரித்தால் இந்த வருஷத்துப் பாடகி ஹுல்டா எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை ஆனாள்.

"எனக்கு அவ மூணுவிட்ட அத்தை பேத்தி," என்றாள் ஆஸா. "இந்த வருஷமாவது ஜெயிச்சுத் தொலைப்போம்டி. நாலு நல்ல வார்த்தை எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?"

"பொய் எழுதினேன்னு வை, நாளைக்கு உன்னை நிறுத்தி, தலை கழுவலைன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

"நல்லா இருந்துட்டா?"

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதறேன். அதுல எனக்கென்ன நஷ்டம்?"

அன்று ராத்திரி அவள் சாமியைக் கும்பிட்டாள், அந்தப் பாட்டு நல்ல பாட்டாக இருக்க வேண்டும் என்று.

மறுநாள் வாரியச் செயலாளர் ஸ்கூலி, முத்திரை வைத்த பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ஒரு பெட்டி. அதற்குள் காதில் மாட்டுகிற கருவி. ஒல்லியான மனிதர், தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டிருக்கிற முகம். குளத்தின் முதலுதவி அறையில், அடிபட்டவர்களைக் கிடத்தும் கட்டிலில் டாக்னியை உட்கார வைத்து, அறுபத்து நாலு கட்டங்கள் உள்ள உணர்ச்சிப் படிவத்தை விரித்தார்.

"ஏழு தடவை கேக்கணும் டாக்னி. ரெண்டு தடவை உக்காந்து, ரெண்டு தடவை நின்னு, ஒரு தடவை சந்தோஷமா, ஒரு தடவை சோகமா, கடைசியா ஒரு தடவை காரணமில்லாம."

"யார் போட்ட பாட்டு இது?"

ஸ்கூலி பட்டியலை எடுத்தார். "பதினாலு பேர். மெட்டுக்கு ஆறு பேர், கைதட்டலுக்கு ரெண்டு பேர், மூச்சு வாங்கறதுக்கு ஒரு ஆலோசகர்..."

"மூச்சு அவங்களே வாங்க மாட்டாங்களா?"

"உள்ளூர் மூச்சு வெளிநாட்டுல எடுபடறதில்லை. ஸ்வீடன்லேருந்து வரவழைச்சிருக்கோம்."

பாட்டின் பேர் 'நான் எரிமலை, நீ ஏன் இன்னும் குளிர்?' மூன்று நிமிஷம். முதலில் காற்றடித்தது. பிறகு முரசு. பிறகு யாரோ யாரையோ எரிப்பதாகச் சொன்னார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டு நிபுணர்கள் சொல்லிக் கொடுத்தபடி. கடைசியில் எல்லாமே ஒரு படி மேலே ஏறி இன்னும் சத்தமாக எரிந்தது. ஸ்கூலி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து டாக்னியின் முன்கையில் வைத்து மயிர்க்கூச்சலை எண்ணினார்.

"ஏழு. இல்ல, ஒன்பது. ஜன்னல் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

"அப்ப மறுபடியும் முதல்லேருந்து."

சந்தோஷமாகக் கேட்பதற்காக ஸ்கூலி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை வாசித்தார். டாக்னி சிரிக்கவில்லை. அடிக்குறிப்போடு வாசித்தார். அப்போதும் சிரிக்கவில்லை. சோகத்துக்கு அவரே சொந்தப் பூனை செத்துப்போன கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குமுறிக் குமுறி அழுது, கண்ணீர் படிவத்தில் விழுந்து முப்பத்தொன்றாம் கட்டம் அழிந்துபோனது. டாக்னிதான் துண்டு எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "அழாதீங்க ஸ்கூலி, வேற பூனை வாங்கிக்கலாம்," என்றாள். விதிப்படி அந்தக் கண்ணீரைப் பாட்டின் கணக்கில் எழுதலாமா என்று ஸ்கூலி தலைநகரத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். எழுதலாம் என்றார்கள்.

ஏழாவது தடவை, காரணமில்லாமல் கேட்டபோதுதான் அது அவள் காதில் பட்டது. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டாவது விநாடி. முரசு நின்றது, காற்று நின்றது, ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் முனகினாள். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளின் முனகல். இருபத்தாறு வருஷமாகக் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே டாக்னி தினமும் கேட்கிற சத்தம் அது. வெந்நீர் தலையில் விழுந்ததும் வக்கீல் பாடுவாள், தாதி பாடுவாள், பிஷப்பின் மனைவிகூடப் பாடுவார். பதினொரு விநாடி. பிறகு மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது.

டாக்னி கருவியைக் காதிலிருந்து கழற்றினாள். பாட்டு மொத்தமும் மோசமாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இப்படி ஓர் ஓரத்தில் மட்டும் நன்றாக இருந்து தொலைத்ததே! இதை என்னவென்று எழுதுவது? தெரிந்த விதத்தில்தான் எழுத வேண்டும். பேனாவை வாங்கி, அறுபத்து நாலு கட்டங்களையும் விட்டுவிட்டு, படிவத்தின் பின்பக்கம் எழுதினாள்.

'பாட்டு குளிக்காமல் வந்திருக்கிறது. உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. அழுக்கின் மேல் வாசனைத் தைலம் பூசியிருக்கிறது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாம் விநாடியிலிருந்து பதினொரு விநாடி மட்டும் சுத்தம். திரும்பிப் போகவும். டாக்னி.'

ஸ்கூலி படித்தார். மறுபடியும் படித்தார். பூனைக்கு அழுததைவிட அதிகமாக அழுதார்.

வாரியம் அன்று மாலையே அவசரமாகக் கூடியது. மதிப்புரையில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது, விதி அப்படி. விதியை எழுதியவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதனால் மதிப்புரையை விட்டுவிட்டு டாக்னியை மாற்றுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கும் ஹுல்டாவுக்கும் உறவு இருப்பதாகக் காட்டிவிட்டால் மதிப்புரை செல்லாது. ஏழு வம்சாவளி நிபுணர்கள் இரண்டு ராத்திரி தூங்காமல் தேடினார்கள். பதினோராம் தலைமுறையில் ஓர் ஆட்டிடையன் அகப்பட்டான். விதி எட்டோடு நின்றது. எட்டாவது தலைமுறையில் ஒரு பாதிரியாரின் நடத்தைமேல் சந்தேகம் கிளப்பிப் பார்த்தார்கள். பாதிரியார் யோக்கியராக இருந்து தொலைத்தார்.

வியாழக்கிழமை பிற்பகல் ஹெர்டீஸ் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கூடவே தன் தம்பியை அழைத்து வந்திருந்தார். டோர்வி, அறுபது வயது, ஆடு வளர்ப்பவர், மனைவி போய் ஒன்பது வருஷம். ஹெர்டீஸுக்குக் குளிக்க மனமில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே கோட்டோடு நின்றுகொண்டு, குளத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். டோர்வி மட்டும் ஆண்கள் பக்கம் போய் ஒழுங்காகக் குளித்து, பனியில் தலையில் ஆவி பறக்க, வெந்நீர்த் தொட்டியில், வேலை முடிந்து வெளியே டாக்னி நின்ற ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"டாக்னி!" என்றது ஒலிபெருக்கி. தொட்டியில் இருந்த பதினைந்து பேரும் நிமிர்ந்தார்கள். "இது என் தம்பி! நல்லவன்! நானூறு ஆடு! பதினோராம் விதி, நாலாம் பிரிவு! கல்யாண நிச்சயம் ஆனாலே உறவுன்னு அர்த்தம்! ஹுல்டா எங்களுக்கு சித்தி மக வழிப் பேத்தி! நீங்க இவனைக் கட்டிக்க ஒப்புக்கிட்டா மதிப்புரை செல்லாது! தேசம் உங்க காதலைக் கேக்கல! ஒரு கையெழுத்துதான் கேக்குது!"

"அப்ப நீங்களே ஹுல்டாவுக்குச் சொந்தமா?" என்று தொட்டியிலிருந்து ஆஸா கத்தினாள்.

"விதி மதிப்புரை எழுதறவருக்குத்தான்! வாரியத்துக்கு இல்ல! அதை யோசிச்சுத்தான் எழுதினேன்!"

டோர்விக்கு வெட்கம் தாங்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா சொல்லித்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள் டாக்னி, மெதுவாக.

"ஆமா. ஆனா தலையை நானாத்தான் கழுவினேன்."

டாக்னி அவர் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்பழுக்கு இல்லை.

"பாட்டைக் கேட்டீங்களா?"

"கொட்டகையில போட்டேன். முதல் முரசுக்கே ஆடுங்க எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. நடுவுல ஒரு இடம் வருமே, அவ சும்மா முனகுவாளே, அப்ப ரெண்டு திரும்பி வந்துச்சு."

டாக்னிக்குச் சிரிப்பு வந்தது. வாரியத்தின் துணுக்குக்கு வராத சிரிப்பு. சிரித்து முடித்து, "நாளைக்குப் பன்னண்டு மணிக்கு மேல வந்து கேளுங்க," என்றாள்.

"பன்னண்டுக்கு மேல கேட்டா விதிக்கு ஆகாதே?"

"அதுக்குத்தான்."

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று ஒலிபெருக்கி அலறியது.

வெள்ளிக்கிழமை மாலை எட்டு மணிக்கு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. மதிப்புரை வாசிக்க இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். ஹெர்டீஸ் வாசித்து முடிக்க இருபது விநாடி ஆயிற்று. மீதி நேரத்தை அவரே பேசி நிரப்ப வேண்டியதாயிற்று.

"பாரபட்சமற்ற மதிப்புரைன்னா என்ன? நாம எதிர்பார்க்கறதை, நமக்கு முன்பின் தெரியாத ஒருத்தர் தானாவே சொல்றது. இந்த அம்மா அதைச் செய்யல. தனக்குத் தோணினதைச் சொல்லிட்டாங்க. அவங்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? உண்மையைச் சொல்றதுக்குப் பயிற்சி வேண்டாம், மதிப்புரை எழுதப் பயிற்சி வேணும். அடுத்த வருஷத்துலேருந்து வாரியமே பயிற்சி தரும். பயிற்சிக்கு முன்னாலயே மதிப்புரையையும் தந்துடுவோம்." பதினெட்டாவது நிமிஷம் அவர் தண்ணீர் குடித்தார். அதுதான் அன்றைய நிகழ்ச்சியில் எல்லாருக்கும் பிடித்த இடம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு டாக்னி கதவைத் திறந்தாள். ஒருவரும் வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது ஆயிற்று. ஆஸாகூட வரவில்லை. எட்டுக் குழாய்களும் வாய் மூடி நின்றன. வெளியே வெந்நீர்த் தொட்டியில் டோர்வி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முந்தின நாள் பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கே வந்து கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். ஒன்பதரைக்கு மேலாளர் வந்து, பூட்ஸையே பார்த்துக்கொண்டு, "டாக்னி, கொஞ்ச நாளைக்கு நீங்க டிக்கெட் ஜன்னல்ல உக்காருங்களேன்," என்றார். டிக்கெட் ஜன்னலில் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. டாக்னிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொன்னது தப்பில்லை, அது அவளுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. தலைநகரத்திலிருந்து ஐந்து மணி நேரம் பனியில் கார் ஓட்டிக்கொண்டு ஹுல்டா வந்திருந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். நேற்று நிகழ்ச்சிக்குப் போட்ட முகப்பூச்சு அப்படியே இருந்தது. கண்ணைச் சுற்றி எரிமலைக் குழம்பு வரைந்து, முடியெல்லாம் மினுக்குத் தூள்.

"டாக்னி நீங்கதானே?"

"நான்தான்."

"அந்தப் பதினொரு விநாடியைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டேன்."

ஹுல்டா திட்டத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தவளுக்குத் திட்டு வரவில்லை. "அது மட்டும்தான் நான் போட்டது," என்றாள். "அன்னைக்குப் பதினாலு பேரும் காபி குடிக்கப் போயிருந்தாங்க. நான் சும்மா முனகிக்கிட்டிருந்தேன். பதிவாகிடுச்சு. அப்புறம் எடுக்க மறந்துட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். முகத்து எரிமலை ஒழுக ஆரம்பித்தது. "எனக்கு ரொம்பக் குளிருது. கொஞ்ச நேரம் தண்ணியில கிடக்கலாமா?"

டாக்னி வாயைத் திறந்தாள். அழுதுகொண்டு நிற்கிற பெண். ஊரே வராத நாளில் பெண்கள் பக்கம் வந்த ஒரே ஆள். விட்டுவிட்டால்தான் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சுவரில் அந்தப் படம் இருந்தது, அதன் கீழே அவளுடைய பூட்ஸ் இருந்தது.

"திரும்பிப் போங்க," என்றாள். "மூஞ்சியெல்லாம் கழுவணும். முடியில இருக்கறதெல்லாம் போகணும். சோப்பு அந்தப் பக்கம் இருக்கு."

ஹுல்டா ஒரு கணம் அவளை முறைத்தாள். பிறகு திரும்பிப் போனாள்.

டாக்னி துண்டு அடுக்குகிற அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். குழாய் திறந்தது. ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த முனகல் மெல்ல வந்தது. பதினொரு விநாடியில் நிற்கவில்லை. நீண்டது, சுற்றி வந்தது, வார்த்தை சேர்ந்தது. அதே பாட்டுத்தான், ஆனால் காற்று இல்லை, முரசு இல்லை, ஸ்வீடன் மூச்சு இல்லை. யாரும் யாரையும் எரிக்கவில்லை. குளிராக இருக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் வா என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். டாக்னி தன் முன்கையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, துண்டைச் சுற்றிக்கொண்டு, வெறும் முகத்தோடு ஹுல்டா அவள் முன்னால் வந்து நின்றாள். டாக்னி காதுக்குப் பின்னால் பார்த்தாள், குதிகாலைப் பார்த்தாள், அவசரப்படாமல் பார்த்தாள்.

"சரி, உள்ள போகலாம்."

மே மாதம் போட்டி மேடையில் ஹுல்டா காற்று இயந்திரத்தையும் புகையையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு நின்று பாடினாள். மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐஸ்லாந்தில் மட்டும் அத்தனை வீட்டிலும் அந்த ஈரத் தலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, பாட்டு குளித்துவிட்டு வந்திருக்கிறது. ஆஸா கதறி அழுதாள். இருபதாவது இடம் கிடைத்தது. மறுநாள் காலை ஸ்டெய்னவிக்கில் குளம் திறக்கும் முன்பே வரிசை தெருமுனைவரை நின்றது. மேலாளர் டிக்கெட் ஜன்னல் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

வரிசையில் ஒன்பதாவதாக ஹெர்டீஸ் வந்தார், அதே கோட்டோடு, அதே பூட்ஸோடு. மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டு கத்தினார். "டாக்னி! மிகப் பெரிய வெற்றி! இருபதாவது இடங்கள்லயே இதுதான் தலைசிறந்த இருபதாவது இடம்! எல்லாம் வாரியம் ஆரம்பத்துலேருந்தே திட்டமிட்டது! உங்களை வாழ்நாள் மதிப்புரையாளரா நியமிச்சிருக்கு! வருஷத்துக்கு நாப்பது பாட்டு! ஏழேழு தடவை!"

டாக்னி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விரலில் மெல்லிசாக ஒரு மோதிரம்.

"டோர்விக்குச் சரின்னு சொல்லிட்டேன் ஹெர்டீஸ். இப்ப ஹுல்டாவும் எனக்குச் சொந்தம், நீங்களும் சொந்தம். கணினியில போட்டுப் பாத்தேன், பாதி நாடு சொந்தமாயிடுச்சு. பதினோராம் விதி, நாலாம் பிரிவு. இனிமே நான் எழுதினா செல்லாது."

எட்டுக் குழாய்களும் நின்றுவிட்டன. ஹெர்டீஸ் விதியை மனதுக்குள் முதலிலிருந்து படித்துப் பார்த்தார். தான் எழுதிய விதி. எங்கேயும் சந்து இல்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியதுபோல முகம் மலர்ந்தது. "அப்படின்னா நான் உனக்கு நாத்தனார்!" என்று மஞ்சள் கோட்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். "வீட்டு மனுஷி! உள்ள வந்து நிதானமாப் பேசுவோம்!"

டாக்னி அந்தக் காலைப் பார்த்தாள். பூட்ஸ் ஈரத்தரையில் ஒரு கறுப்பு அச்சு பதித்திருந்தது.

"திரும்பிப் போங்க," என்றாள்.

நுரையோடு நின்ற எட்டுப் பெண்களும் ஹெர்டீஸையே பார்த்தார்கள். ஹெர்டீஸ் பூட்ஸைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். ஒன்பதாவது ஆளாகத் தன் முறை வரும்வரை காத்திருந்து, குழாயடிக்குப் போனார். வெந்நீர் தலையில் விழுந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. சுருதி சேரவில்லை. ஆனால் அந்தப் பதினொரு விநாடிதான், சந்தேகமில்லை.

பாடி முடித்துவிட்டு, சிவந்த முகத்தோடு வந்து நின்றார். டாக்னி கிட்டே போய், தலையைச் சாய்க்கச் சொல்லிப் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கு, அண்ணி," என்றாள். "திரும்பிப் போங்க."

ஹெர்டீஸ் திரும்பிப் போனார்.